செக்கர் யாரைத் தேடி ஏறுகிறார்?

சேரன்மகாதேவியை விட்டு ரயில் கிளம்பினால் பேட்டை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே வயல்தான். செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் காலை வண்டியில் இந்த இடைவெளியில்தான் எங்கள் சீசன் டிக்கெட் கோஷ்டி பாதித் தூக்கத்தை முடிக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. டிடிஆர் வந்து நின்றார். நான் கண்ணைத் திறக்காமலே சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினேன். உள்ளே ஒரு பக்கம் அடையாள அட்டை, மறுபக்கம் சீசன். வருஷக்கணக்காக நீட்டுகிற கை அது.

கவர் திரும்பி வரவில்லை. கண்ணைத் திறந்தேன்.

"ஸார், இது நேத்தோட முடிஞ்சிருச்சே."

அன்று 13ஆம் தேதி. போன மாதம் 13ஆம் தேதி எடுத்த சீசன். ஒரு மாதம் என்றால் 13 முதல் 13 என்று மண்டைக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. ரயில்வே கணக்கில் 13ஆம் தேதி தொடங்கியது அடுத்த மாதம் 12ஆம் தேதியே முடிந்துவிடும். சீட்டில் தேதி அச்சாகித்தான் இருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை. எதிர் சீட்டு அண்ணாச்சி, "விடுங்க ஸார், நம்ம தெனப்படி ஆளு" என்று சிபாரிசு செய்து பார்த்தார். டிடிஆர் சிரித்தபடியே புத்தகத்தை எடுத்தார். "தெனப்படி ஆளுதான் அண்ணாச்சி. அதான் கல்லிடைக்குறிச்சியிலேர்ந்து போடுதேன். இந்தச் சீசன் கையில இல்லேன்னா செங்கோட்டையிலேர்ந்துல்லா போட்டிருக்கணும்."

வேடிக்கையாகச் சொன்னார் என்று நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால் சட்டமே அதுதான். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி, செல்லாத டிக்கெட்டோடு பிடிபட்டவர் பயணக் கட்டணத்தையும் அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையையும் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் தொகை கட்டணத்துக்குச் சமம், அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. எங்கே ஏறினார் என்பதில் சந்தேகம் இருந்தால் வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து கணக்குப் போடலாம். வழியில் ஏற்கெனவே ஒரு சோதனை நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்து. காலாவதியான என் சீசன் பயணத்துக்குச் செல்லாது. ஆனால் நான் எந்த ஊரில் ஏறுகிறவன் என்பதற்கு மட்டும் சாட்சியாக நின்றது.

250 ரூபாயும் டிக்கெட் காசும் கட்டினேன். அந்த ரசீது இன்றும் அதே கவருக்குள் இருக்கிறது. சோதனை என்பது உண்மையில் எதைச் சோதிக்கிறது என்று அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். தினமும் வருகிறவன், பணம் கட்டுகிறவன் என்று அந்த டிடிஆருக்குத் தெரியும். அவர் என்னைச் சோதிக்கவில்லை, அந்தச் சீட்டைச் சோதித்தார். இதே காரியம் பஸ்ஸில் நடந்தால் கதையே வேறு.

சீசன் என்பது முதலில் ஒரு பேரம். ரயில்வேயின் மாதச் சீசன் கட்டணம் ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணத்துக்கான கட்டணம். போக ஒன்று, வர ஒன்று என்றால் ஏழரை நாள் கணக்கு. எட்டாவது நாளிலிருந்து லாபம். 2014 ஜூனில் இதை 30 பயணக் கணக்காக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியதில் சில நாளிலேயே அதை வாபஸ் வாங்கினார்கள். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் கூடியபோதும் சீசனில் கை வைக்கவில்லை. மூன்று மாதச் சீசனுக்கு மாதச் சீசனைப் போல 2.7 மடங்கு, அரையாண்டுக்கு 5.4, முழு ஆண்டுக்கு 10.8. எங்கள் கோஷ்டியில் ஒருவர் ஆண்டுச் சீசன் எடுத்துவிட்டுப் பெருமையாகக் காட்டுவார். வகுத்துப் பாருங்கள், மூன்றிலும் தள்ளுபடி ஒரே பத்துச் சதவீதம்தான். வருஷத்துக்கும் மொத்தமாகக் கட்டுவதில் கூடுதலாக ஒரு பைசா மிச்சமில்லை. நடுவில் வேலை மாறினால், ஊர் மாறினால் நஷ்டம் வேறு. மூன்று மாதமே போதும் என்பது என் கட்சி. தேதியைப் பார்க்க மறக்கிற சந்தர்ப்பமும் வருஷத்துக்கு நாலாகக் குறையும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு சலுகை உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரைக்கும், பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் வீட்டுக்கும் படிக்கிற இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இலவசம். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு வருகிற பெண்கள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது இவர்களுக்குச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

பேரத்துக்கு நிபந்தனைகள் உண்டு. நம் ஆட்கள் வழுக்கி விழுவது அங்கேதான். அடையாள அட்டை இல்லாத சீசன் வெறும் தாள். ஒருவர் பேரில் உள்ளதில் இன்னொருவர் ஏறினால் சீசனும் பறிபோகும், டிக்கெட் இல்லாதவராகவும் ஆவார். 150 கிலோமீட்டருக்கு மேல் சீசன் கிடையாது. முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. காலியாகக் கிடக்கிறதே என்பது பதிலாகாது. சீசனை நீட்டி வந்தே பாரத்தில் ஏறலாம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் கோவில்பட்டிக்குப் போகிறவர்கள் சூப்பர்ஃபாஸ்ட்டில் சர்வசாதாரணமாக ஏறிவிடுகிறார்கள். வண்டியின் பேரைப் பார்க்காதீர்கள், நம்பரைப் பாருங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் என்றுதான் பேர், நம்பர் 12632. 12 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட், சீசன்காரர் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். 16 என்று தொடங்கும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டும் ஒரே பிளாட்பாரத்தில், ஒரே மாதிரிப் பெட்டிகளோடு வந்து நிற்கின்றன. அவசரத்தில் ஓடுகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, டிடிஆருக்குத் தெரியும்.

ஃபோனில் சீசன் எடுப்பது இப்போது சாதாரணம். ரயில்வேயின் யூ.டி.எஸ். ஆப் நெடுநாளாக இருந்தது, 2025 ஜூலையில் ரயில்ஒன் வந்தது. கவுன்ட்டரில் நிற்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. டிக்கெட் ஆப்புக்குள் திறந்து காட்டப்பட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் இறங்கி ஃபோன் கறுத்துவிட்டால் டிக்கெட் இல்லாத பயணிதான். தாள் சீசன் காலத்தில், மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்தால் நம் தப்பு என்று நமக்கே உறுத்தும். ஃபோன் அணைந்துபோனால் மட்டும், "பணம் கட்டியாச்சே, உங்க கம்ப்யூட்டர்ல பாருங்க" என்று டிடிஆரிடம் மல்லுக்கு நிற்கிறோம். கேட்கும்போது காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். கட்டியிருந்தால் போதும் என்று அதில் எங்கும் இல்லை.

இனி பஸ். ரயிலில் டிக்கெட் விற்பவர் வண்டிக்குள் இல்லை. ஆகவே டிடிஆருக்குச் சந்தேகம் எல்லாம் பயணி மேல். பஸ்ஸில் விற்பவர் உள்ளேயே நிற்கிறார், தோளில் பையும் கையில் மெஷினுமாக. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் முதலில் பார்ப்பது பயணியை அல்ல, கண்டக்டரின் மெஷினை. எந்த ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) வரை கணக்கை மூடியிருக்கிறார், எத்தனை சீட்டுப் போட்டிருக்கிறார், வண்டிக்குள் எத்தனை தலை இருக்கிறது. தலையும் சீட்டும் ஒத்துவராவிட்டால் கேள்வி கண்டக்டருக்கு. மெமோ, விசாரணை, சம்பள உயர்வு நிறுத்தம் என்று அது அவர் வீடுவரை போகும். நாம் சீட்டைக் காட்டுகிறபோது உண்மையில் கண்டக்டருக்குச் சாட்சி சொல்கிறோம்.

பயணி தப்பிக்கிறார் என்று அர்த்தமல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 178ஆம் பிரிவில் டிக்கெட்டோ பாஸோ இல்லாத பயணிக்கு 500 ரூபாய் வரை அபராதம். அதே பிரிவின் அடுத்த வரியிலேயே, வேண்டுமென்று சீட்டுக் கொடுக்காத கண்டக்டருக்கும் தண்டனை. ஒரே பிரிவில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதைக் கண்ணெதிரே பார்த்தது பேட்டை போகிற டவுன் பஸ்ஸில். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பேர் வந்தது. காசு இல்லை, ஆனால் சீட்டு உண்டு. கொக்கிரகுளம் பக்கம் செக்கர் ஏறினார். கூடை நிறைய முருங்கைக்காயோடு படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் சீட்டைக் கேட்டார்.

"ஓசிக்கு எதுக்குய்யா சீட்டு?"

ஆச்சி குற்றமாக ஒன்றும் சொல்லவில்லை. மனசில் பட்டதைக் கேட்டார். ஆனால் அந்தக் கண்டக்டரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஆச்சி, இப்பதான குடுத்தேன், முந்தியில பாருங்க, முந்தியில பாருங்க" என்று குரல் தழுதழுத்துவிட்டது. முந்தி முடிச்சை அவிழ்த்தால் வெற்றிலை, பத்து ரூபாய்த் தாள் இரண்டு, ஒரு சுண்ணாம்பு டப்பி. அதற்கும் அடியில் நாலாக மடித்த சீட்டு. கண்டக்டர் மூச்சு விட்டது பின்சீட்டில் இருந்த எனக்குக் கேட்டது.

அந்தப் பூஜ்ய ரூபாய்ச் சீட்டுக்கு அவ்வளவு மதிப்பு எதற்கு? பெண்கள் கட்டாத கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. அந்தக் கணக்குக்கு ஆதாரம் அந்தச் சீட்டுதான். ஏறாத ஆளுக்குச் சீட்டுப் போட்டால் அரசுப் பணம் வீணாகப் போகிறது. ஏறிய ஆளுக்குப் போடாவிட்டால் கழகத்துக்கு வரவேண்டியது வராது. ஆச்சிக்கு அது ஓசி. கழகத்தின் பேரேட்டில் அது வரவு.

கழகம் என்று சொன்னதும் ஒன்று. திருநெல்வேலிக் கழகத்துக்கு ஒரு காலத்தில் கட்டபொம்மன் பேர். எங்கள் வயதுக்காரர்கள் இன்னமும் கட்டபொம்மன் பஸ் என்று சொல்லிவிடுவோம். 1997இல் தென்மாவட்டங்களில் நடந்த கலவரங்களுக்குப் பிறகு போக்குவரத்துக் கழகங்களுக்குச் சூட்டியிருந்த தலைவர்களின் பேர்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து பேர் போயிற்று. ஆனால் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே கே.டி.சி. நகர் அப்படியே இருக்கிறது. அந்த கே யார் என்று அங்கே குடியிருக்கிற பிள்ளைகளைக் கேட்டால் முழிக்கும்.

பள்ளிப் பிள்ளைகளின் ஸ்மார்ட் கார்டுக்கு வருவோம். போட்டோ ஒட்டிய தாள் பாஸ் போய், போட்டோ அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை வந்தது. பேர் ஸ்மார்ட் கார்டு. ஆனால் நான் பார்த்த எந்தக் கண்டக்டரும் அதை எந்த மெஷினிலும் வைத்ததில்லை. அட்டையைப் பார்ப்பார், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், "உள்ள போல" என்பார். ரீடர் அவருடைய கண்தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது புது அட்டை வந்து சேர்வதில்லை. அதுவரை சீருடையில் வரும் மாணவர்களையும் பழைய பாஸ் வைத்திருப்பவர்களையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வரும். அந்தச் சில வாரங்களுக்குச் சட்டையே பாஸ்.

சட்டையே பாஸ் என்ற எண்ணம் பெரியவர்களுக்கும் இருக்கிறது. 2024 மே மாதம் நாங்குநேரியில் நடந்தது நாடு முழுக்க வீடியோவாகச் சுற்றியது. நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி போன அரசு பஸ்ஸில் ஏறிய காவலர் ஒருவர் சீட்டு எடுக்க மாட்டேன் என்றார். கண்டக்டர் விடவில்லை. அலுவல் பயணத்துக்கான வாரன்ட் இல்லாமல் பயணம் செய்யும் போலீஸாரும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் சொல்லியது. உடனே பல ஊர்களில் அரசு பஸ்களுக்கு, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாய், சீட் பெல்ட் போடவில்லை என்று வரிசையாக அபராதம் விழுந்தது. இரண்டு துறைச் செயலாளர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் அந்தக் காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்துக் கைகுலுக்கும் வீடியோவும் வந்தது.

சண்டை ஓய்ந்தது நல்லதுதான். ஆனால் அந்தக் கண்டக்டர் ஏன் அப்படி ஒற்றைக்காலில் நின்றார் என்று அன்றைக்கு எழுதியவர்கள் அதிகம் யோசிக்கவில்லை என்பது என் வருத்தம். அடுத்த நிறுத்தத்தில் செக்கர் ஏறினால் தலை ஒன்று கூடும், சீட்டு ஒன்று குறையும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் காவலர் அல்ல. "ஸ்டாஃப்" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

பாஸ் வைத்திருப்பவருக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு சங்கடம் தனியார் பஸ். பாபநாசம் ரோட்டில் அரசு வண்டியும் தனியார் வண்டியும் மாறி மாறி ஓடும். மாணவர் அட்டையும் விடியல் சீட்டும் தனியார் பஸ்ஸில் செல்லாது. பாட்டுச் சத்தத்தோடு காலியாக வந்து நிற்கிற தனியார் வண்டியை விட்டுவிட்டு, நிரம்பி வழியப் போகிற அரசு வண்டிக்காகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். பாஸ் காசை மிச்சப்படுத்துகிறது. பதிலுக்கு நேரத்தை வாங்கிக்கொள்கிறது.

மெஷினில் தட்டிப் பயணம் செய்கிற உண்மையான ஸ்மார்ட் அட்டை சென்னைக்கு வந்துவிட்டது. எந்த ஊரிலும் எந்த வண்டியிலும் செல்லும் பொது அட்டை என்ற திட்டம் 2019 மார்ச்சில் நாட்டளவில் தொடங்கியது. அதன் வழியில் சிங்காரச் சென்னை அட்டை 2023இல் மெட்ரோவுக்கும், 2025 ஜனவரியில் மாநகரப் பஸ்ஸுக்கும் வந்தது. இந்த அட்டைக்குள் சின்ன சிப்பும் அதைச் சுற்றி ஆன்டெனாவும் இருக்கின்றன. ரீடருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் காந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு பேசும். அட்டைக்கு பேட்டரி வேண்டாம். சிறு தொகையை அட்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஃபோன் கறுத்துப் போகிற பயம் இதில் இல்லை.

இங்கே வந்தால் எப்படியிருக்கும்? சென்னை மெட்ரோவில் கேட் இருக்கிறது. செல்லாத அட்டை என்றால் கதவு திறக்காது, தப்பு நடக்கும் முன்பே தடுத்துவிடும். கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் கேட் ஏது? பிளாட்பாரத்துக்கு எந்தப் பக்கமிருந்தும் ஏறலாம். திறந்து கிடக்கிற ஸ்டேஷனில் அட்டையை யார் பார்ப்பது? வண்டிக்குள் டிடிஆர்தான் கைமெஷினோடு வந்து பார்க்க வேண்டும். அங்கே ஒரு புதுச் சிக்கல் பிறக்கும். தாள் சீசனில் முடிவுத் தேதி என் கண்ணுக்கும் தெரியும், படிக்காதது என் குற்றம். சிப்புக்குள் இருக்கிற தேதி எனக்குத் தெரியாது, ரீடருக்குத்தான் தெரியும். மாதப் பணம் முழுசாகக் கட்டியவர் ஒருநாள் ஏறும்போது தட்ட மறந்தால் அவரை டிக்கெட் இல்லாதவர் என்பதா? மாதத்துக்கு வாங்கியவரிடம் தட்ட மறந்த ஒவ்வொரு தடவைக்கும் அபராதம் கேட்பது அநியாயம் என்பேன். அட்டையைக் கொண்டுவருகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதிலை முதலில் அட்டையின் முதுகில் அச்சடிக்கட்டும்.

அதுவரைக்கும் டிடிஆரோடு பேசத் தெரிந்திருப்பது நல்லது. தப்பு நம்முடையது என்று தெரிந்தால் முதலில் நாமே சொல்லிவிடுவது மேல். ஏறுவதற்கு முன்பே ரயில் கார்டிடம் (இப்போது அவர் பேர் டிரெயின் மேனேஜர்) சொல்லி அனுமதிச் சான்று எழுதி வாங்கியவருக்கு அந்த 250 ரூபாய்க் கூடுதல் கிடையாது, வெறும் டிக்கெட் கட்டணம்தான். இதுவும் சட்டத்தில் இருப்பதே. ஏமாற்றும் நோக்கத்தோடு பயணம் செய்ததாக எழுதினால் அது 137ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமுண்டு. மறதிக்கு 138, மோசடிக்கு 137. எந்த நம்பர் விழும் என்பது பெரும்பாலும் முதல் இரண்டு நிமிஷப் பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது. கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். தனியாக வரும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி முடியும் இடம், மாவட்டத் தலைநகர் ஆகிய இடங்களில் மட்டும்தான் இறக்கலாம், அதுவும் பகலில். 139ஆம் பிரிவு. வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

அந்த 13ஆம் தேதி ஜங்ஷனில் இறங்கியதும் நேராகக் கவுன்ட்டருக்குப் போய் மூன்று மாதச் சீசன் எடுத்தேன். முடிவுத் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கவருக்குள் வெளியே தெரியும்படி வைத்தேன். காலையில் சேரன்மகாதேவி தாண்டியதும் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதல் மாதம் ஒருத்தரும் வரவில்லை. இரண்டாவது மாதமும் வரவில்லை. மூன்றாவது மாதத்தில் நான் பழையபடி தூங்க ஆரம்பித்துவிட்டேன்.